ஒளி வாளும் பெட்டிக்குள் வராத ஐந்து பொருள்களும்

வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் பலர் அண்மைக் காலத்தில் ஒரே கேள்வியைப் பல விதமாக எம்மிடம் கேட்டு எழுதுகின்றனர். லேசர் ஒளியினாற் பலகையையும் அக்கிரிலிக்கையும் அறுக்கும் யந்திரத்தைச் சீனாவிலிருந்து தருவிக்கலாமா, அதற்கு என்ன செல்லும், வீட்டின் பின்னறையில் வைத்து நடத்த முடியுமா என்பதே அக்கேள்வி. தச்சுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர், மனைவியின் நகைகளை ஈடு வைத்துப் பணம் திரட்டிவிட்டதாகவும், கல்லூரியிற் படிக்கும் மகன் கணினியில் வரைபடம் போடுவதில் வல்லவன் என்றும், ஆகையால் விரைந்து மறுமொழி தரவேண்டும் என்றும் எழுதியுள்ளார்.

தருவிக்கலாம் என்பதே எமது மறுமொழி. பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், திருமண அழைப்பிதழ், இறப்பர் முத்திரை, சிரட்டையிற் பொறிக்கும் சித்திரம் ஆகிய யாவற்றுக்கும் இவ்யந்திரம் பயன்படும். ஒரு வரைபடத்தை ஒரு முறை சரியாகப் போட்டுவிட்டால் நூறு பிரதிகளையும் ஒரே அளவாக அறுத்துத் தரும். ஆயினும் விற்பவர்கள் காட்டும் விலை யந்திரத்தின் விலை மட்டுமே. அதனைப் பயமின்றி நடத்துவதற்கு இன்றியமையாத ஐந்து பொருள்கள் அந்த மரப்பெட்டிக்குள் வருவதில்லை. வந்தாலும் பெயரளவிலேயே வருகின்றன. திரட்டிய பணம் முழுவதையும் யந்திரத்திற்கே கொடுத்துவிட்டவர், அவ்வைந்தும் இல்லாமலே தொழிலைத் தொடங்கிவிடுகிறார். ஈடு வைத்த நகை மூழ்குவதும், அதனினும் பெரிய கேடுகள் வீடு தேடி வருவதும் அங்கேதான் ஆரம்பமாகின்றன.

ஒளி அறுப்பது எவ்வாறு?

லேசர் என்பது, தூண்டிய கதிர்வீச்சினால் ஒளியைப் பெருக்குதல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களாலான பெயர். அணுக்களைத் தூண்டி ஒரே சீரான ஒளியை வெளிவிடச் செய்யலாம் என்னும் கருத்தை அயின்ஸ்டீன் 1917 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் திகதி அமெரிக்காவில் தியடோர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். இன்று பட்டறைகளிற் பலகை அறுக்கும் காபனீரொட்சைட்டு லேசரை 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஆக்கியவர் குமார் பட்டேல். அவர் இந்தியாவின் மகாராட்டிரத்திலுள்ள பாராமதி என்னும் ஊரிற் பிறந்தவர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நன்று.

நீண்ட கண்ணாடிக் குழாயொன்றில் காபனீரொட்சைட்டு, நைதரசன், ஈலியம் ஆகிய வாயுக்கள் அடைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 20,000 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரத்தை அதனூடாகச் செலுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் ஒன்று குழாயின் முனையிலிருந்து புறப்படுகிறது. அதன் அலைநீளம் 10.6 மைக்குரோமீற்றர். மூன்று ஆடிகள் அக்கதிரைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவர, இறுதியில் ஒரு வில்லை அதனை ஊசி முனையளவு புள்ளியாகக் குவிக்கின்றது. வெயிலிற் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் கடதாசியை எரித்துப் பார்க்காத சிறுவர் எவர்? அதே வித்தைதான் இங்கும் நடைபெறுகிறது. கதிர் பட்ட இடம் எரிந்து ஆவியாகிப் பிளவுபடுகின்றது. பலகை அறுபடுகிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது மெல்லிய கோடாக எரிக்கப்படுகிறது. எரிகின்ற இடத்திற் புகையும் நெருப்பும் உண்டு என்பதை மறவாதவருக்கு, இனி நாம் சொல்லப்போவதெல்லாம் எளிதில் விளங்கும்.

எதனை வாங்குவது?

சந்தையில் மூன்று வகை யந்திரங்கள் உள்ளன. முதலாவது நீலக் கதிர் விடும் சிறு யந்திரம். மேசை மேல் வைக்கத்தக்கது, விலை குறைந்தது. மெல்லிய பலகையையும் தடித்த கடதாசியையும் அறுக்கும். ஆனால் நிறமற்ற அக்கிரிலிக்கை அறுக்காது. சாளரக் கண்ணாடியூடாக வெயில் போவதுபோல நீல ஒளி அதனூடாகப் போய்விடும். இரண்டாவது மேலே கூறிய காபனீரொட்சைட்டு யந்திரம். பலகை, அக்கிரிலிக், தோல், துணி, கடதாசி, இறப்பர் ஆகியவற்றுக்கு இதுவே உகந்தது. மூன்றாவது உலோகத்திற் பொறிப்பதற்கும் தகடு அறுப்பதற்குமான இழை லேசர். உலோக வேலை இல்லாதவர்கள் இதனை நாடவேண்டியதில்லை. தச்சுத் தொழிலுக்கும் பெயர்ப்பலகைத் தொழிலுக்கும் இரண்டாவதே பொருந்தும்.

அதிலும் விளம்பரத்தில் உள்ள வாட் கணக்கை நம்பிவிடலாகாது. குழாயின் நீளத்தைக் கேளுங்கள். ஏறத்தாழ 700 மில்லிமீற்றர் நீளமுள்ள குழாய், எவர் என்ன சொன்னாலும் 40 வாட்டுக்கு மேல் நின்று உழைக்காது. 80 வாட் குழாய் என்றால் அது 1,200 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கும். 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைக்கு 40 வாட் போதும். 6 மில்லிமீற்றர் அக்கிரிலிக்கை நாள்தோறும் அறுக்க வேண்டியவர் 60 அல்லது 80 வாட்டைத் தேடவேண்டும். பணம் அனுப்புமுன், உங்கள் வரைபடத்தையே விற்பவருக்கு அனுப்பி, நீங்கள் குறிப்பிடும் கனமுள்ள பலகையில் அறுத்துக் காட்டும்படி கேட்டு, அதன் சலனப்படத்தைப் பெறுங்கள். குழாயை ஆக்கியவர் யார், கட்டுப்பாட்டுப் பலகை எது, அது எந்த மென்பொருளோடு இணங்கும் என்பனவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 110 வோல்ட்டுக்கு அமைந்த யந்திரங்களும் விற்கப்படுகின்றன. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுற்று என்பதைக் கட்டளைக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும்.

டொலர் விலையும் ரூபாச் செலவும்

விலைப் பத்திரத்தில் எப்.ஓ.பி. என்றிருந்தால், சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையில்தான் விற்பவர் பொறுப்பு. கப்பற் கூலியும் காப்புறுதியும் உங்களைச் சேர்ந்தவை. சி.ஐ.எப். கொழும்பு என்றிருந்தால் அவ்விரண்டும் விலையில் அடங்கும். அப்போதும் துறைமுகக் கட்டணம், சுங்கத் தீர்வை, வரிகள், முகவர் கூலி, லொறிக் கூலி ஆகிய யாவும் தனி. தீர்வை கணக்கிடப்படுவது யந்திரத்தின் விலைக்கு மட்டுமன்று. கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதிக்கே ஆகும். அதன் மேற் பெறுமதி சேர் வரியும் உண்டு. 2024 ஜனவரி முதலாந் திகதி அவ்வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. லேசரினால் இயங்கும் அறுப்பு யந்திரங்களுக்குரிய பன்னாட்டுச் சுங்கக் குறியீடு 8456.11. இவ்விலக்கத்தைச் சொல்லி, அன்றைய வரி விகிதங்களையும், அனுமதிப் பத்திரம் ஏதேனும் தேவையா என்பதையும் சுங்க முகவர் ஒருவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்க. சரக்குத் துறைமுகத்தில் வந்து நின்றபின் விசாரிக்கத் தொடங்கினால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் வாடகை ஏறும்.

நாணய மாற்றை மறந்தவர்கள் பட்ட பாட்டை 2022 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு உயர்ந்தது. 3,000 டொலர் என்று பேசிய யந்திரம் 6 இலட்சம் ரூபாவிலிருந்து 10 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாயிற்று. டொலரில் விலை ஒரு சதமேனும் கூடவில்லை. வாங்கியவரின் வீட்டிலோ 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா துண்டு விழுந்தது. ஆகவே முற்பணம் கொடுத்து மிகுதியைப் பின்னர் கட்டும் ஏற்பாட்டில் இறங்குபவர்கள், மிகுதித் தொகைக்கு மேலும் சிறிது கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்கிய பணமாயின் இவ்வெச்சரிக்கை இரு மடங்காக வேண்டும்.

பெட்டி வீடு வந்து சேர்ந்ததும், முகவரின் ஆளோ லொறிக்காரரோ நிற்கும்போதே புறத்தே உடைவு உண்டா எனப் பார்த்துப் படம் எடுங்கள். திறப்பதையும் படமெடுத்து வையுங்கள். கண்ணாடிக் குழாய்தான் வழியில் உடையக்கூடிய பொருள். அதன் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக வேறு குழாய்களும் உள்ளன. வெளிக் குழாய் நலமாயிருக்க உட்குழாய் வெடித்திருப்பதும் உண்டு. மின்சாரம் கொடுக்குமுன் நீரை மட்டும் ஓடவிட்டு, கசிவு உண்டா எனச் சிறிது நேரம் கவனியுங்கள். அதன் பின்னரே மற்றவை.

இனி அவ்வைந்து பொருள்கள்.

முதலாவது: புவித் தொடுப்பு

20,000 வோல்ட் நடமாடும் பெட்டியை நீங்கள் தொட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்கள். ஏதேனும் ஒரு கம்பி விலகி உடற்தகட்டில் முட்டினால், அம்மின்சாரம் நிலத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். அவ்வழி இல்லையேல் அது உங்கள் உடலினூடாகப் போகும். சீனச் செருகி நமது மூன்று சதுர முனைச் செருகுதுவாரத்தில் இறங்காது என்பதற்காக, கடையில் விற்கும் இரு முனை இணைப்பானை மாட்டுவோர் உளர். புவித் தொடுப்பை அறுத்தெறியும் செயல் அது. தேர்ந்த மின் தொழிலாளரை அழைத்து, உரிய செருகியை மாட்டி, வீட்டின் புவிக் கம்பியையும் மின்கசிவிற் தானே விழும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துக்கொள்க. மின் வழங்கிப் பெட்டியை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதையும் வீட்டிலுள்ள இளைஞர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இரண்டாவது: குளிர் நீர்

குழாய் உழைக்கும்போது பெருவெப்பம் உண்டாகிறது. அதனைச் சுற்றி ஓடும் நீர் 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையில் இருக்க வேண்டும். 30 பாகையைத் தாண்டினாற் குழாயின் ஆயுள் குறுகும். மலிவான யந்திரங்களுடன் ஒரு சிறு பம்பி மட்டும் வரும். வாளி நீரில் அதனை அமிழ்த்தும்படி சொல்வார்கள். சற்று விலை கூடியவற்றுடன் விசிறி பூட்டிய குளிர்விப்பான் வரும். குளிர் நாடுகளில் இவை போதும். காற்றே 30 பாகை சூடாயிருக்கும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, விசிறியால் நீரை அக்காற்றினும் குளிர்மையாக்க இயலாது. குளிர்பதனப் பெட்டிபோல் அமுக்கி பொருத்திய குளிர்விப்பானே நமக்கு வேண்டும். அதனையும் மிகக் குளிரச் செய்துவிடலாகாது. ஐஸ் போட்ட சோடாக் குவளையின் வெளிப்புறத்தில் நீர் முத்துக்கள் அரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர ஈரக் காற்றிற் குழாயும் அவ்வாறே வியர்க்கும். உயரழுத்த மின்சாரம் ஓடும் இடத்தில் ஈரம் படிவது ஆபத்து. ஆகவே வியர்வை காணாத அளவில், மேலெல்லையை ஒட்டி நீரை வைத்துக்கொள்க.

நீரும் காய்ச்சி வடித்த நீராக இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் கேத்திலில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே சுண்ணாம்பு குழாயினுள்ளும் படியும். உப்பு நீர் மின்சாரத்தையும் கடத்தும்.

மூன்றாவது: புகைக்கு வழி

பலகைப் புகை கண்ணை எரிக்கும். எம்.டி.எப். பலகையின் பசை எரியும்போது போமலிடிகைட்டு வாயு எழும். அக்கிரிலிக் புகையின் நெடி தலைவலி தரும். யந்திரத்தோடு வரும் சிறு விசிறி இவற்றுக்குப் போதாது. வலுவான விசிறியொன்றை வாங்கி, குழாயின் வெளி முனையிற் பொருத்துங்கள். அப்போது குழாயில் எங்கேனும் ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே இழுக்கப்படுமேயன்றிப் புகை அறைக்குள் கசியாது. வளைவுகள் குறைவாக இருக்கட்டும். அயல் வீட்டுச் சாளரத்தை நோக்கிப் புகையை விடுவது வழக்குக்கும் மனக்கசப்புக்கும் வழி. அறைக்குள் நல்ல காற்று வரவும் ஒரு திறப்பு வேண்டும்.

எப்புகை விசிறியாலும் தீராத பொருள் ஒன்று உண்டு. அது பி.வி.சி. அதனை இவ்யந்திரத்தில் ஒருபோதும் வைக்கலாகாது. அது எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு உண்டாகி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. சுவாசப்பையைப் புண்ணாக்கும், யந்திரத்தின் இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். தோல் எனச் சொல்லி விற்கப்படும் ரெக்சின் பெரும்பாலும் பி.வி.சி. பூசியதே. ஐயமுள்ள பொருளைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பெரியவர் ஒருவர் திறந்த வெளியில் நின்று, செப்புக் கம்பியைச் சுடரிற் காய்ச்சி, சுடரில் நிறம் மாறாத நிலை வந்ததும் அப்பொருளின் துண்டொன்றைத் தொட்டு, மீண்டும் சுடரிற் காட்ட வேண்டும். சுடர் பச்சையாயின் அதிற் குளோரீன் உண்டு. அப்பொருளைப் பட்டறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். இரசாயனம் படிக்கும் மாணவர்கள் இச்சோதனையின் காரணத்தை ஆசிரியரிடம் கேட்டறியலாம்.

நான்காவது: தீக்காவல்

அறுக்கும் இடத்திற் சுடர் எழுவது வழக்கம். வில்லையின் அடியில் காற்றை ஊதும் பம்பி அதனை அணைத்து, புகை வில்லையிற் படியாமலும் காக்கும். அப்பம்பி நின்றுபோனால், அக்கிரிலிக் ஒரு நிமிடத்திற் பந்தமாகும். எனவே யந்திரம் ஓடும்போது ஆள் அகலலாகாது. வாசலில் வாடிக்கையாளர் அழைத்தால், முதலில் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் போங்கள். கைக்கெட்டும் இடத்தில் காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். தூள் நிரப்பியதும் தீயை அணைக்கும். ஆனால் ஆடிகளையும் வில்லையையும் பாழாக்கிவிடும். அடித் தட்டில் விழும் துண்டுகளை நாள்தோறும் கூட்டியெடுப்பது வீட்டு அடுப்படியைக் கூட்டுவது போன்ற கடமை.

ஐந்தாவது: கண்காப்பு

காபனீரொட்சைட்டு லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெறித்து வந்தால் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தைச் சுடும். நல்ல வேளையாக, யந்திரத்தின் அக்கிரிலிக் மூடியே இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. மூடியைத் திறந்ததும் கதிரை நிறுத்தும் ஆளி சில மலிவு யந்திரங்களில் இருப்பதில்லை. அதனைப் பொருத்திக்கொள்வது முதல் வேலை. நீலக் கதிர் யந்திரத்தின் நிலை வேறு. அதன் ஒளி அக்கிரிலிக்கையும் கடந்து, கண்ணினுள்ளே விழித்திரை வரை சென்று சுடும், அப்புண் ஆறுவதில்லை. நான்கு கால்களோடு திறந்தபடி நிற்கும் அவ்வகை யந்திரத்தைப் பிள்ளைகள் உலாவும் கூடத்தில் வைப்பது தகாது. கண்ணாடி வாங்கும்போதும், உங்கள் லேசரின் அலைநீளம் அதில் எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். ஒன்றுக்குரிய கண்ணாடி மற்றொன்றுக்கு உதவாது.

ஆடிகளைச் சீர்செய்தல்

இவ்வைந்தும் அமைந்த பின்னர், பொறுமை வேண்டிய வேலை ஒன்று எஞ்சியுள்ளது. கப்பலிலும் லொறியிலும் குலுங்கி வந்த யந்திரத்தில் ஆடிகள் நிலை மாறியிருக்கும். ஆடியின் முன் ஒட்டுக் கடதாசி ஒன்றை ஒட்டி, மிகக் குறைந்த வலுவில் ஒரு கணம் கதிரை விட்டால் ஒரு கரும்புள்ளி விழும். தலைப்பகுதியைக் கிட்ட வைத்தும் எட்ட வைத்தும், நான்கு மூலைகளிலும் இவ்வாறு செய்து, புள்ளி ஒரே இடத்தில் விழும்வரை ஆடியின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். முதலாம் ஆடியை முடித்த பின்பே இரண்டாவது. அதன் பின்பே மூன்றாவது. அரை நாள் இதிற் செல்லும். இவ்வேலையை அவசரமாக முடித்தவரின் யந்திரம் ஒரு மூலையில் நன்றாக அறுத்து மறு மூலையில் அறுக்காமல் விடும். அவரும் குழாய் பழுது என எண்ணிப் புதுக் குழாய்க்குப் பணம் அனுப்புவார். வில்லை நாகமும் செலினியமும் சேர்ந்த பொருள். அதனைத் தூய அற்ககோலிலும் மெல்லிய துணியிலும் மட்டுமே துடைக்க வேண்டும். உடைந்தால் வெறுங் கையாற் தொடலாகாது. துகளைச் சுவாசிக்கவும் கூடாது.

கடிதம் எழுதிய அன்பர்களுக்கு எமது யோசனை இதுதான். கையிலுள்ள பணத்தை முதலில் மூன்று கூறாக்குங்கள். ஒரு கூறு யந்திரத்துக்கு. ஒரு கூறு கப்பற் கூலி, தீர்வை, வரி ஆகியவற்றுக்கு. ஒரு கூறு மேற்கூறிய ஐந்துக்கும் முதல் மாத மூலப்பொருளுக்கும். கூறுகளின் அளவை உங்கள் முகவரின் கணக்கும் மின் தொழிலாளரின் கணக்கும் தீர்மானிக்கட்டும். மூன்றாவது கூற்றுக்குப் பணம் மிஞ்சாதாயின், 80 வாட்டை விட்டு 60 வாட்டுக்கு இறங்குங்கள். அல்லது ஆறு மாதம் பொறுங்கள். அதுவரையில், இத்தகைய யந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் மகனின் வரைபடங்களைக் கொடுத்துக் கூலிக்கு அறுப்பித்து விற்றுப் பாருங்கள். வாங்குவோர் எத்தனை பேர், அவர்கள் என்ன விலை தருவார்கள் என்பது அவ்வாறு மாதங்களிற் தெரிந்துவிடும். அக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நகைகளை ஈடு வைப்பதா இல்லையா என்பதைக் கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து முடிவு செய்வதே முறையாகும்.